வேலூர் வெயிலைத் தெருத் தெருவாக அளப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பங்குனி முடிந்து சித்திரை பிறந்ததும் ஒவ்வொரு மாலையும் வேலூருக்கென்று ஓர் எண் வந்துவிடும். இன்று 104, இன்று 106 என்று டீக்கடைப் பேச்சு அதைச் சுற்றியே ஓடும். தமிழ்நாட்டில் அன்றைக்கு அதிக வெயில் அடித்த ஊர்களின் வரிசையில் நம் ஊர் எத்தனையாவது என்பதில் ஒரு வினோதமான பெருமையும் கலந்திருக்கும். அந்த எண்ணில் பிழை ஏதுமில்லை. ஆனால் அது, வெள்ளை வண்ணம் பூசி, பக்கங்களில் சாய்வுப் பலகைகள் அடித்த ஒரு கூண்டுக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், வெயில் படாமல் காற்று மட்டும் படும்படி வைக்கப்பட்ட வெப்பமானி காட்டும் எண். லாங்கு பஜாரில் மூட்டை இறக்குபவரும், கொசப்பேட்டையில் சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் பீடி சுற்றுபவரும், மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துவிட்டு லாட்ஜின் மேல்மாடி அறையில் தங்கியிருப்பவரும் அந்தக் கூண்டுக்குள் வசிப்பதில்லை.

ஒரே ஊரில், ஒரே நேரத்தில், இரண்டு தெருக்களின் காற்று வெப்பம் சில டிகிரி வேறுபடக்கூடும். லண்டனில் மருந்துப் பொருள் தயாரித்துவந்த லூக் ஹோவர்டு என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரத்தின் வெப்பத்தையும் சுற்றுப்புறக் கிராமத்தின் வெப்பத்தையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு, இரவில் நகரம் சராசரியாக 3.7 ஃபாரன்ஹீட் டிகிரி கூடுதல் வெப்பமாக இருப்பதாகக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் செய்ததைச் சிறிய அளவில், இரண்டு வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம், மூன்று இரவுகள் ஆகியவற்றைக் கொண்டு நம் ஊரில் செய்வதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிவியல் பட்டம் தேவையில்லை. பொறுமை தேவை, அதுவும் கொஞ்சம்தான்.

முதற்படி: எதை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்தல்

வெயிலைப் பற்றிப் பேச நம்மிடம் ஏற்கெனவே மூன்று நல்ல சொற்கள் இருக்கின்றன: அனல், புழுக்கம், வெக்கை. பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பேசுகிறோம் என்றாலும், அளப்பவருக்கு இவை மூன்றும் தனித்தனிச் சங்கதிகள். அனல் என்பது காற்றின் வெப்பம்; மே மாதத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும்போது முகத்தில் அடிப்பது அது. புழுக்கம் என்பது காற்றிலுள்ள ஈரம்; வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் வியர்வை உலராமல் உடம்பு தவிப்பது அதனால். வெக்கை என்பது சுவரும் தரையும் கூரையும் வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் போன பிறகும் நம்மீது வீசுகிற சூடு. சாதாரண வெப்பமானி முதலாவதை மட்டுமே அளக்கும். இரண்டாவதற்கு ஈரப்பதமானியும் மூன்றாவதற்குத் தொடாமல் அளக்கும் அகச்சிவப்புக் கருவியும் வேண்டும். தொடங்கும்போது காற்று வெப்பத்தை மட்டும் ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொண்டால் போதும். மற்ற இரண்டும் பின்னால் சேர்ந்துகொள்ளலாம்.

அலகு ஒன்றை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். நம் செய்தித்தாள்கள் ஃபாரன்ஹீட்டில் எழுதுகின்றன. "சதம் அடித்தது" என்ற தலைப்புக்கு 100 டிகிரி தேவைப்படுகிறது. வானிலைத் துறை செல்சியஸில் கணக்கிடுகிறது. 100 ஃபாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ், 104 என்பது 40, 110 என்பது 43.3. சமவெளியில் உள்ள நிலையமொன்றில் அதிகபட்ச வெப்பம் குறைந்தது 40 செல்சியஸை எட்டி, அந்த நாளுக்குரிய இயல்பைவிட (பல ஆண்டுகளின் சராசரியைவிட) 4.5 டிகிரிக்கு மேல் உயரும்போதோ, இயல்பு எதுவாயினும் 45ஐ எட்டும்போதோ வெப்ப அலை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை கருதுகிறது. ஆகவே ஊரே வெந்துகொண்டிருக்கும் நாளிலும் முறைப்படி வெப்ப அலை அறிவிக்கப்படாமல் போகலாம். வேலூருக்கு மே மாதத்தில் இயல்பே அதிகம் என்பதால் இது அடிக்கடி நேர்வதுதான். நோட்டில் செல்சியஸை மட்டும் எழுதுங்கள்; பாட்டிக்குச் சொல்லும்போது மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கருவி வாங்குதலும் அதை நம்பாதிருத்தலும்

கம்பி முனையில் உணரி (சென்சார்) உள்ள டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்றை வாங்குவதைவிட ஒரே வகையில் இரண்டு மூன்று வாங்குவது நல்லது. திரையில் 36.4 என்று தசமப் புள்ளியோடு தெரிவதால் அது அவ்வளவு துல்லியமானது என்று மயங்கிவிடக் கூடாது. இந்த விலையில் கிடைக்கும் கருவிகள் ஒரு டிகிரி வரை தவறாகக் காட்டுவது இயல்பு. நமக்கு வேண்டியது ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் உள்ள வித்தியாசம் என்பதால், கருவி எப்போதும் ஒரே அளவு தவறாகக் காட்டினால் குற்றமில்லை. எவ்வளவு தவறு என்பதை மட்டும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஐஸ் கட்டிகளைத் துணியில் கட்டி நொறுக்கி, ஒரு டம்ளரில் நிறைத்து, இடைவெளி மட்டும் நிரம்பும் அளவுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்குங்கள். உணரியை நடுவில் விட்டு, டம்ளரின் சுவரைத் தொடாமல், ஐந்து நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். 0.7 காட்டினால், அந்தக் கருவியின் ஒவ்வோர் அளவிலிருந்தும் 0.7ஐக் கழிக்க வேண்டும் என்று அதன் முதுகில் ஒட்டுத்தாள் ஒட்டி எழுதிவிடுங்கள். பிறகு எல்லாக் கருவிகளையும் ஒரே அறையில், ஃபேன் காற்றில், பக்கம் பக்கமாக அரை மணி நேரம் வைத்து ஒப்பிடுங்கள்; ஐஸில் ஒத்துப்போன இரண்டு 35 டிகிரியில் பிரிந்து போவதும் உண்டு. அப்படிப் பிரிந்தால் அறையில் கண்ட வித்தியாசத்தையே கணக்கில் கொள்ளுங்கள், ஏனெனில் நாம் அளக்கப் போவது அந்த வெப்பத்தில்தான்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. அது உடல் வெப்பத்தின் குறுகிய எல்லைக்குள் மட்டும் வேலை செய்யும்படி செய்யப்பட்டது. சுவரையும் சாலையையும் அளக்க உதவாது.

மூன்றாம் படி: வெயிலிலிருந்து வெப்பமானியைக் காத்தல்

புதியவர்கள் செய்யும் பிழைகளில் பத்தில் எட்டு இங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். நானும் விலக்கில்லை. முதல் ஆண்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர்மீது வெப்பமானியை வைத்துவிட்டு, அது 50ஐத் தாண்டியதைப் படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். சென்னையில் இருக்கும் என் அத்தை மகன், "மாமா, அது காற்றோட வெப்பம் இல்ல, வெப்பமானியோட வெப்பம்" என்று ஒரே வரியில் பதில் போட்டான். அவன் சொன்னது சரி. நேர் வெயில் பட்டால் உணரியே வெயிலை வாங்கிச் சூடாகிவிடும். கீழே இருக்கும் சுவரின் சூடும் அதில் ஏறும். திரையில் தெரிவது காற்றின் வெப்பமாக இருக்காது.

நிலையாக ஓரிடத்தில் வைப்பதற்கு, பாத்திரக் கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் ஆறேழு வாங்குங்கள். மேலே உள்ள தட்டைத் தவிர மற்றவற்றின் நடுவில் கையகலத்துக்கு வட்டமாக வெட்டிவிட்டு, எல்லாவற்றையும் கவிழ்த்து, ஒன்றுக்கொன்று விரற்கடை இடைவெளி இருக்கும்படி மூன்று நீள போல்ட்டுகளில் கோர்த்து நட்டு வைத்து முடுக்குங்கள். உணரி நடுவில் தொங்க வேண்டும். காற்று எல்லாப் பக்கமும் புகும். வெயில் எந்தப் பக்கமும் புகாது. வானிலை நிலையத்தின் கூண்டு செய்கிற வேலையை இந்தத் தட்டடுக்கு ஏறத்தாழச் செய்துவிடும். மார்பு உயரத்தில், சுவரிலிருந்து இரண்டு மூன்றடியாவது தள்ளி, ஏசி வெளிப்பெட்டியின் காற்று படாத இடத்தில் கட்டுங்கள்.

சுற்றி வந்து அளப்பதற்கு, வெள்ளை பிவிசி குழாய்த் துண்டுகள் இரண்டை, ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவே இடைவெளி விட்டுப் பொருத்தி, உள் குழாயின் மையத்தில் உணரியை நிறுத்தினால் போதும். இருபுறமும் திறந்திருப்பதால் வண்டி நகரும்போது காற்று தானாக உள்ளே பாயும். இதை வண்டியின் முன்பக்கம், கண்ணாடித் தண்டின் உயரத்தில் கட்ட வேண்டும். பின்பக்கக் கம்பியில் கட்டி, சைலன்சர் சூட்டையே ஊர் முழுக்க அளந்துவிட்டு வந்த மாலை ஒன்று என் கணக்கில் உண்டு.

இரவில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆகவே புதியவர்கள் இரவில் தொடங்குவது எளிது. அதற்கு இன்னும் முக்கியமான காரணமும் இருக்கிறது.

நான்காம் படி: எந்த நேரத்தில் அளப்பது

மத்தியானம் இரண்டு மணிக்கு ஊர் கொதிக்கும்போது வெளியே போய் அளப்பதுதான் சரி என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் சூடான தரையிலிருந்து காற்று மேலெழுந்து, மேலுள்ள காற்று கீழிறங்கி, ஊர்க் காற்று முழுவதும் ஒரே குழம்பாகக் கலந்துகொண்டிருக்கிறது. மரநிழலில் நிற்பவருக்கும் வெட்டவெளியில் நிற்பவருக்கும் உடம்பு உணர்வது மலையும் மடுவுமாக இருந்தாலும், இரண்டு இடங்களின் காற்று வெப்பத்தில் வித்தியாசம் நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது பொழுது சாய்ந்த பிறகுதான். காற்று அடங்குகிறது, பகல் முழுவதும் வெயிலை விழுங்கிய கான்கிரீட்டும் தாரும் கருங்கல்லும் அதைத் திருப்பித் தர ஆரம்பிக்கின்றன, வயல்வெளியும் மரத்தோப்பும் வேகமாகக் குளிர்கின்றன. ஊரின் நடுப்பகுதி பின்தங்கிவிடுகிறது.

குறுகலான தெருவில் இந்தப் பின்னடைவு இன்னும் அதிகம். சூடான பொருள் குளிர வேண்டுமானால் அது வானத்தைப் பார்க்க வேண்டும். லாங்கு பஜார் போன்ற தெருவில் ஒரு சுவர் எதிர்ச் சுவரைத்தான் பார்க்கிறது. இரண்டும் சூட்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன. அதே தெரு காலை பத்து மணிக்கு, அந்தச் சுவர்களின் நிழல் தயவால், அகலமான அண்ணா சாலையைவிட இதமாக இருக்கலாம். ஆகையால் "இந்தத் தெரு சூடானது" என்று நேரத்தைச் சொல்லாமல் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை.

உடம்புக்கும் இரவுதான் கணக்கு. பகலில் பட்ட வெப்பத்திலிருந்து உடல் மீள்வது தூக்கத்தின்போது. அறை குளிராத வீட்டில் மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்து கழித்த முதியவர்களும் இதய நோயாளிகளும் கைக்குழந்தைகளும்தான் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். அதிகபட்ச வெப்பம் 40ஐ விட்டு இறங்காத நாட்களில் குறைந்தபட்ச வெப்பமும் இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் உயர்ந்திருந்தால் அதை "வெப்ப இரவு" என்று வானிலைத் துறை தனியே குறிப்பதும் இதனால்தான்.

ஆகவே மூன்று வேளைகளைப் பரிந்துரைக்கிறேன்: பிற்பகல் 2.30 முதல் 3.30 வரை, இரவு 9 முதல் 10 வரை, விடிவதற்கு முன் 5 மணி. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவு 9 மணியைத் தேர்ந்தெடுங்கள். மேகமில்லாத, காற்று அதிகம் வீசாத நாளாகப் பாருங்கள். கோடை மழை பெய்த மறுநாள் அளந்தால் ஈரத்தரை எல்லாவற்றையும் சமன்செய்து காட்டும். அதைத் தனிக் குறிப்போடு எழுதுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். பிற்பகலில் போகிறவர்கள் தனியாகப் போகக் கூடாது. தண்ணீரும் உப்பு போட்ட மோரும் எடுத்துச் செல்லுங்கள். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. கூட வந்தவர் பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

ஐந்தாம் படி: இடங்களைத் தேர்ந்தெடுத்தல்

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு, மரமில்லா மலை. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அரசனைப் பற்றி இப்போது யாருக்கும் கவலையில்லை. கடைசி இரண்டும் வெயிலை அளப்பவருக்குக் கிடைத்த வழிகாட்டிப் பலகைகள்.

பாலாற்று மணலை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மணல் சூட்டை உள்ளே கடத்தாது. வாங்கியதெல்லாம் மேற்பரப்பிலேயே நிற்பதால் பகல் ஒரு மணிக்கு அதில் வெறுங்காலோடு பத்தடி நடக்க முடியாது. உள்ளே சேமிப்பு இல்லாத அதே காரணத்தால், சூரியன் மறைந்ததும் அது மளமளவென்று குளிர்ந்துவிடும். விடியற்காலையில் ஆற்றங்கரை ஊருக்குள் இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதை அங்கே நடைப்பயிற்சி செய்பவர்கள் அறிவார்கள். மலையின் கதை வேறு. ஊருக்குக் கிழக்கே நிற்கும் வெற்றுப் பாறைச் சரிவுகள் மேற்கு நோக்கியிருப்பதால் மாலை வெயில் முழுவதையும் அவையே வாங்குகின்றன. கருங்கல் சூட்டை ஆழமாக உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அடிவாரத்தில் இருக்கும் வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மலைப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் வெக்கை வருகிறதா, குளிர்ந்த இறக்கக் காற்று வருகிறதா என்பது சரிவில் புதர் இருக்கிறதா, வெறும் பாறையா என்பதைப் பொறுத்தது. இதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு இடங்கள் போதும். ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாக எடுங்கள்: கோட்டை அகழியின் ஓரம், பழைய பேருந்து நிலையம், பஜாரின் குறுகலான பகுதி, கிரீன் சர்க்கிள், பாலாற்றுப் பாலத்தின் நடு, விருதம்பட்டில் ஒரு தெரு, காந்தி நகரில் மரங்கள் உள்ள ஒரு தெரு. இது வடக்குச் சுற்று. தெற்கே போக விரும்புபவர்கள் கோட்டையிலிருந்து ஆரணி சாலை வழியாக வேலப்பாடி, தொரப்பாடி, பாகாயம் என்று போய் ஓட்டேரி ஏரிக்கரையில் முடிக்கலாம். சத்துவாச்சாரிவாசிகள் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தையும் உள்தெருக்களையும் ஒப்பிடுவது பயன் தரும். எந்தச் சுற்றாக இருந்தாலும் உங்கள் வீட்டு வாசல் அதில் ஓர் இடமாக இருக்க வேண்டும்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒருமுறை பகலில் போய், தரை என்ன (தார், சிமெண்ட், மண், புல்), கட்டடங்கள் எத்தனை மாடி, வானம் எவ்வளவு தெரிகிறது, என்ன மரம், ஏசி வெளிப்பெட்டிகள் எத்தனை என்று எழுதி வையுங்கள். கருவி இல்லாமலே தெரியக்கூடிய ஒரு தடயமும் உண்டு: ஆட்டோ ஸ்டாண்டு. காலையில் சாலையின் ஒரு புறம் நிற்கும் ஆட்டோக்கள் மத்தியானம் எங்கே நகர்கின்றன, நுங்கு வண்டிக்காரர் எந்தப் புங்கமரத்தைத் தேடுகிறார், தெருநாய்கள் எந்தக் கடைப் படியில் படுக்கின்றன என்பதை ஒரு நாள் கவனித்தால் தெருவின் நிழல் வரைபடம் பாதி கிடைத்துவிடும். வேலூர் வடக்கே ஏறத்தாழ 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 24ஐ ஒட்டி உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் நடு வரை உச்சிவேளைச் சூரியன் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் கட்டடம் உச்சிவேளையில் தெருவுக்கு நிழல் தருவதில்லை. மரம் ஒன்றுதான் தரும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நம்பி வீடு எடுத்தவர்கள் கத்திரி வெயிலில் ஏமாறுவதும் இதனால்தான்.

ஆறாம் படி: சுற்றி வருதல், பிறகு கணக்கைத் திருத்துதல்

ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய், கையை நீட்டிப் பிடித்தபடி இரண்டு மூன்று நிமிடம் எண் நிலைபெறும் வரை காத்திருங்கள். சிக்னலில் நிற்கும்போது தெரியும் எண்ணை எழுதாதீர்கள். அது பக்கத்துப் பேருந்தின் வெப்பம். மணி, இடம், அளவு ஆகிய மூன்றையும் அங்கேயே எழுதுங்கள்.

நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஊர் முழுவதும் குளிர்ந்துகொண்டிருக்கிறது என்பதால் அளவுகளை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கோட்டை வாசலில் இரவு 9 மணிக்கு 35.2, சுற்றி முடித்து 10 மணிக்கு அதே இடத்தில் 34.0. அறுபது நிமிடத்தில் 1.2 டிகிரி இறங்கியிருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 0.02. இடையில் 9.25க்குப் பஜாரில் 34.9 என்று எழுதியிருந்தால், 25 நிமிடத்துக்கு 0.5ஐக் கூட்ட வேண்டும். 9 மணிக் கணக்கில் பஜார் 35.4. நோட்டை மேலோட்டமாகப் பார்த்தபோது கோட்டையைவிடக் குளிர்ச்சியாகத் தெரிந்த பஜார், திருத்திய பிறகு 0.2 டிகிரி சூடாக நிற்கிறது. இந்தக் கூட்டலைச் செய்யாமல் வரைந்த படம், நீங்கள் போன வழியைக் காட்டுமே தவிர ஊரின் வெப்பத்தைக் காட்டாது. வீட்டு மாடியில் இரண்டாவது கருவியைத் தட்டடுக்குக்குள் வைத்து, வீட்டில் உள்ள யாரையாவது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொன்னால் இறக்கம் எப்படிப் போனது என்று இன்னும் சரியாகத் தெரியும்.

ஒரே சுற்றைக் குறைந்தது மூன்று இரவுகள் செய்யுங்கள், ஒருமுறை எதிர்த்திசையில். மூன்று முறையும் ஒரே இடம் முதலில் வந்தால் அது அந்த இடத்தின் குணம். அரை டிகிரிக்குக் குறைவான வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஏழாம் படி: செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பதானால்

இணையத்தில் கிடைக்கும் சிவப்பு, நீல வண்ண வெப்பப் படங்கள் கவர்ச்சியானவை, ஆனால் புதியவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்பவை. லேண்ட்சாட் 8, 9 ஆகிய அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் கடப்பது காலை பத்தரை மணியையொட்டி. அவை அளப்பது தரை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்பு வெப்பத்தை. கோடையில் பாலாற்று மணலும் ஊருக்கு வெளியே உழுது போட்ட வறண்ட நிலமும் அந்த நேரத்தில் ஊரைவிடச் சிவப்பாகத் தெரியக்கூடும். அதைப் பார்த்துவிட்டு வேலூர் நகரம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சி என்று சொன்னால், இரவு பத்து மணிக்குக் கொசப்பேட்டையில் தூங்க முயல்பவர் சிரிப்பார். எந்தப் பகுதியில் மரம் குறைவு, எங்கே தகரக் கூரை நெருக்கம் என்று இடம் தேர்ந்தெடுக்க மட்டும் அந்தப் படத்தைப் பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்குள் வருதல்

தெருவுக்குத் தெரு உள்ள வித்தியாசத்தைவிடக் கூரைக்குக் கூரை உள்ள வித்தியாசம் பெரிதாக இருக்கலாம். கட்டிலின் உயரத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, ஒரு முழு நாள், இரண்டு மணிக்கு ஒருமுறை எழுதிப் பாருங்கள். தகர ஷீட் வீடு மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்பாக இருக்கும். மெல்லிய கூரை என்பதால் வெயில் போனதும் சூடும் போய்விடும். கான்கிரீட் தளத்தில் வெயிலின் சூடு உள்ளே இறங்கப் பல மணி நேரம் பிடிக்கிறது. மேல்மாடி வீட்டின் உட்கூரை உச்ச சூட்டை அடைவது மாலையிலோ இரவு தொடங்கும்போதோதான், அதாவது வீட்டார் வேலையிலிருந்து திரும்பி ஃபேனைப் போடும் நேரத்தில். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. நாட்டு ஓட்டு வீடும் கீழ்த்தளமும் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ நிற்கும்.

அகச்சிவப்புக் கருவி கையில் இருந்தால் உட்கூரையையும் மேற்குச் சுவரையும் பக்கத்தில் பிடித்து அளக்கலாம். பளபளப்பான தகரத்தை அது தவறாக, பெரும்பாலும் குறைத்து, காட்டும்; தகரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, சில நிமிடம் கழித்து டேப்பின்மீது அளப்பது சரியான முறை. வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. தரகர் காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். நீங்கள் இரவு எட்டரைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். உள்ளே போனதும் மேற்குச் சுவரில் உள்ளங்கையை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிறகு அதே கையை உட்சுவரில் வையுங்கள். சூடு கையிலேயே தெரியும்.

அளந்ததை வைத்து என்ன செய்வது

உங்கள் வீடு இரவில் சுடும் வீடா, பகலில் சுடும் வீடா என்று தெரிந்துவிட்டால் செலவை எங்கே செய்வது என்பதும் தெளிவாகும். கான்கிரீட் தளத்துக்கு, அக்கினி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்துக்கு முன்பே, மாடித் தரையைக் கூட்டிக் கழுவிச் சுண்ணாம்போ வெள்ளைக் கூரைப் பூச்சோ இரண்டு கை அடிப்பதுதான் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது. பூசுவதற்கு முன் மூன்று நாளும் பின் மூன்று நாளும் அளந்து வைத்தால், அடுத்த வீட்டுக்காரரை நம்பவைக்க வேறு பேச்சு வேண்டியதில்லை. வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ச்சியாவது எத்தனை மணிக்கு என்பதை உங்கள் நோட்டே சொல்லும். அதுவரை ஜன்னலைச் சாத்தி, அதன் பிறகு எதிரெதிராகத் திறந்து விடுங்கள். மேற்குச் சுவரோரம் புங்கமோ வேம்போ நட இடமிருந்தால் நடுங்கள்; இடமில்லாதவர்கள் கோணிப்படுதா கட்டலாம்.

தெருவுக்காகக் கேட்பதானால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். வார்டு கவுன்சிலரிடமும் ஒரு நகல் தாருங்கள். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதால், அதைக் குறிப்பிட்டு எழுதுவதில் தவறில்லை. "எங்கள் தெருவில் வெயில் தாங்க முடியவில்லை" என்ற மனுவைவிட, "இந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை, மூன்று இரவுகளிலும் இந்தத் தெரு அடுத்த தெருவைவிட இவ்வளவு டிகிரி கூடுதல், இங்கே மரம் நட இந்த அளவு இடம் இருக்கிறது" என்று, தேதியும் நேரமும் அளந்த முறையும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதிய மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மனு எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மரம் நட்டார்களானால், அதே இடத்தில், அதே உயரத்தில், அதே நேரத்தில் அடுத்த சித்திரையிலும் அளங்கள். கன்று நிழல் தர நாலைந்து ஆண்டுகள் ஆகும், அதுவரை தண்ணீர் ஊற்றுவது யார் என்பதையும் அந்த மனுவிலேயே கேட்டுவிடுவது நல்லது.